நண்டு இடப்பக்கம் இழுக்கிறது

ஹான்டில் யாழ்ப்பாணத்துக்குப் போவோம் என்றது. முன்சில்லு ஒன்று ஊர்காவற்றுறைக்கு என்றது. மற்றச் சில்லு ஒன்றுமே சொல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மூன்று கட்சிக்கும் நடுவில், கரம்பொன் பழைய றோட்டோரத்து இளம்பனை வடலிப் பற்றைக்குள், ஒற்றைச் செருப்போடு குந்தியிருந்தார் வல்லிபுரம். மற்றச் செருப்பு எங்கே போனது என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. காரைநகர்ப் பக்கம் கரையொதுங்கியிருக்கலாம், அந்தளவு வேகத்தில் பறந்தது என்றுதான் அவர் பின்னாளில் சொல்லித்திரிந்தார்.

நல்ல மத்தியானம். காகங்கூடத் தன் நிழலை விரித்து அதன்மேல் ஏறி நிற்கிற வெயில். அடிபட்டுக் கிடந்தது அவருடைய மகன் ஜெயரூபனின் நாலு சில்லு மோட்டார் சைக்கிள். சுற்றுலா வருகிற ஆட்களை ஏற்றி மணலிலும் கடற்கரையிலும் ஓட்டுவதற்கென்று கொழும்பிலிருந்து லொறியில் கொண்டுவந்து இறக்கினவன். உடம்பைவிடச் சில்லுகள் பெரிது, முன்னுக்கு இரண்டு விளக்கும் முழி பிதுங்கி நிற்கும். அவர்களுடைய ஊரான சுருவிலுக்கு வந்த அன்றைக்கே சனம் அதற்கு நண்டு என்று பெயர் வைத்துவிட்டது.

"அப்பா, இதை நீங்கள் தொடக்கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஜெயரூபன் கொழும்புக்குப் போனான். வல்லிபுரத்தின் கண்ணில் வெள்ளை படருகிறதாம். கைகாலும் முந்திப்போல இல்லையாம். இனிமேல் அவர் சைக்கிள்கூட ஓட்டவேண்டாம் என்று மகனும் தாயுமாகக் கதைத்து முடிவெடுத்திருந்தார்கள். யாரைப் பார்த்து? காலமெல்லாம் தீவுப்பகுதிக்கு அரசாங்க பஸ் ஓட்டின மனிசனைப் பார்த்து! அவர் ஓட்டின தூரத்தை நீட்டிப் பிடித்தால் சந்திரனுக்குப் போய், அங்கே ஒரு பிளேன்ரீயும் குடித்துவிட்டுத் திரும்பி வரலாம். மகன் பஸ் ஏறினதும் வல்லிபுரம் சாமித்தட்டில் பிள்ளையாருக்குப் பின்னால் அவன் ஒளித்துவைத்திருந்த வண்டித் திறப்பை எடுத்தார். பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை. "ஊர்காவற்றுறைக்குப் போய் ஒரு சுற்று, அவ்வளவுதான்" என்று அவருக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார்.

பெரிய றோட்டால் போனால் தெரிந்தவர்கள் காணுவார்கள் என்று பழைய றோட்டால் விட்டார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் ஊர் ஓடுவதற்கு முதல் பஸ் ஓடினது அந்த றோட்டால்தான். அப்போது இரண்டு பக்கமும் கல்வீடுகள், கேற்றுக்குக் கேற்று சனம். இப்போது கேற்றுகள் மட்டும் நிற்கின்றன. வீட்டுக்காரர் கனடாவில் பனி அள்ளுகிறார்கள். அவர்களுடைய விறாந்தைக்குள் ஆலமரம் கதிரை போட்டு இருக்கிறது. அந்த றோட்டில் மிச்சம் இருப்பது ஒரு பஸ் தரிப்பு. கூரை போய்விட்டது. சனம் குந்தியிருந்த ஒரு சீமெந்து வாங்கும் அரைச் சுவரும் மிச்சம்.

அந்தத் தரிப்பில் ஒரு மனுசி நின்றா.

கறுத்தக் குடை, வெள்ளைச் சேலை. குடை முகத்தை மறைத்தது. மற்றக் கையை நீட்டி, மணிக்கட்டை இரண்டு தரம் மேலும் கீழும் ஆட்டினா. பஸ்ஸுக்குக் கைகாட்டுகிற ஆட்டம். அதைக் கண்டால் வல்லிபுரத்தின் கைக்கு வல்லிபுரத்தின் அனுமதி தேவையில்லை. இல்லாத கண்ணாடியில் பின்னுக்குப் பார்த்தார், வேகத்தைக் குறைத்தார், பஸ்ஸை இடப்பக்கம் ஓரங்கட்டினார். ஆனால் அவருக்குக் கீழே இருந்தது பஸ் இல்லையே! பஸ்ஸுக்குப் போடுகிற அதே வளைவை நண்டுக்குப் போட்டார். இடச்சில்லு சீமெந்து வாங்கின் மூலையில் ஏறி, வண்டி ஒருக்கால் எழும்பி, வடலிக்குள் விழுந்தது.

எழும்பிப் பார்த்தபோது தரிப்பில் ஒருவருமில்லை. புழுதியில் கால் அடையாளமும் இல்லை. பக்கத்தில் பற்றையும் வெறும் வெளியுந்தான். மறைந்து நிற்கிறதுக்கு ஒரு பூவரசுகூட இல்லை.

அப்போதுதான் அவருக்கு விசயத்தின் சிக்கல் விளங்கியது. ஆளைக் கண்டனான் என்று சொன்னால், இல்லாத ஆளைக் காணுகிற கண்ணோடு வாகனம் ஓட்டக்கூடாது என்பார்கள். ஆளைக் காணவில்லை என்றால், இருக்கிற வாங்கையே காணாத கண்ணோடு ஓட்டக்கூடாது என்பார்கள். எப்படிச் சொன்னாலும் அவருடைய ஓட்டம் அத்தோடு சரி. ஆகவே அவர் ஒரு மாட்டை உண்டாக்கினார்.

"மாடெண்டால் சும்மா மாடில்லை, அருளப்பு. கொம்பு ரண்டும் ரெலிபோன் கோபுரம் மாதிரி. றோட்டை மறிச்சுப் படுத்துக் கிடந்தது" என்றார்.

அருளப்பு ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் வள்ள எஞ்சின் திருத்துகிறவர். நண்டைத் தன்னுடைய சின்ன உழவு மெசினில் கட்டி இழுத்துக்கொண்டுவந்து கொட்டிலுக்குள் போட்டிருந்தார். ரயரில் விரலால் சுரண்டி, விரலைப் பார்த்தார்.

"உந்த மாடு சீமெந்து பூசிக்கொண்டே திரியுது, அண்ணை?"

"நீர் வேலையைப் பாரும்."

"பொடியன் எப்ப வாறான்?"

"நாளைக்கில்லை, நாளையிண்டைக்கு. லண்டன் ஆக்கள் ஒரு குடும்பம் வருகுதாம். உந்த இறங்குதுறையிலைதான் ஏத்தப்போறான்."

அருளப்பு ஹான்டிலைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஹான்டிலிலிருந்து கீழே இறங்குகிற ஸ்ரியறிங் தண்டு முறுகி, சில்லுகளைப் பிடிக்கிற இரண்டு கம்பியில் இடப்பக்கத்துக் கம்பி றால்மாதிரிக் கூனியிருந்தது. "கொழும்பிலை சாமான் எடுக்கிறதெண்டால் பொடியன்ரை கலியாணத்துக்குத்தான் வரும்" என்றார். "செய்வம். வள்ளத்திலை இதைவிட வளைஞ்சதெல்லாம் நிமித்தினனான்."

அடுத்தநாள் காலையிலிருந்து வேலை. தண்டைக் கழற்றி, காஸ் நெருப்பில் பிடித்துச் சிவக்கவைத்து, இரும்புக் கட்டையில் தாங்கி, மரச்சுத்தியலால் அடித்தார். அடிக்கும்போது அருளப்புவுக்கு நாக்கு வெளியே வந்து மீசையைத் தொடும். ஆறவைத்து, நேர் பார்க்கக் கண்ணாடி வேண்டுமென்று வீட்டுக்குள் போய், மனைவி றோஸின் அலுமாரிக் கண்ணாடியை மரச்சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்தார். அதைப் படுக்கப்போட்டு அதன்மேல் தண்டை உருட்டினார். வளைவு இருந்தால் கண்ணாடிக்கும் தண்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியும். பின்னால் றோஸ் வந்து நின்றா.

"நான் இண்டைக்குப் பூசைக்கு எந்த முகத்தோடை போறது?"

"உள்ள முகத்தோடை போவன், ஆர் வேண்டாமெண்டது?" என்றார் அருளப்பு, தலை நிமிராமல்.

தண்டு கண்ணாடியில் ஒட்டி உருண்டது. மயிர் நுழைகிற இடைவெளிகூட இல்லை. கூனின கம்பிக்குப் பதிலாக வள்ள எஞ்சினின் துருப்பிடிக்காத இரும்பில் ஒன்று கடைந்து போட்டார். பூட்டி முடிந்ததும் வலைக்குப் போடுகிற தங்கூசி நூலைப் பின்சில்லிலிருந்து முன்சில்லுக்கு இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் நூல் ரயரை முட்டுகிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். மீன்பிடிக்காரன் நூல் பார்த்தால் பார்த்ததுதான். நூல் நாலு சில்லையும் ஒரே நேரத்தில் முத்தமிட்டது.

"கையை விட்டிட்டு ஓடுங்கோ, அண்ணை. கப்பல் போறமாதிரிப் போகும்."

இறங்குதுறைக்குப் பக்கத்து வெளியில் அப்படியே நேரே போனது. சுருவில் பக்கம் திருப்பிப் பழைய றோட்டால் போனபோதும் போனது. தரிப்பு வலப்பக்கத்தில் வந்தது, போனது. வாங்கில் ஒரு ஓணான் மட்டும் இருந்தது. வல்லிபுரத்துக்கு ஒரு பழைய பாட்டு வாயில் வந்தது. நாரந்தனை எல்லையில் வண்டியைத் திருப்பி, ஊர்காவற்றுறையை நோக்கி வந்தார்.

தரிப்பு இப்போது இடப்பக்கத்தில். அதற்குக் கிட்ட வர வர, ஹான்டில் பாரமாகியது. யாரோ அதன் இடது கையைப் பிடித்து மெல்ல, மரியாதையாக, தன்பக்கம் இழுப்பதுபோல. வல்லிபுரம் வலப்பக்கம் ஊன்றிப் பிடித்தார். வாங்கின் மூலையை ஒரு சாண் தள்ளிப் போனதும், பிடி விட்டதுபோல ஹான்டில் லேசாகிவிட்டது.

கொட்டிலுக்கு வந்து, "இடப்பக்கம் இழுக்குது" என்றார்.

தன் வேலையில் பிழை என்று யாராவது சொன்னால் அருளப்புவுக்குச் சாப்பாடு இறங்காது. தங்கூசியை மறுபடி கட்டினார். நேர். தண்டைக் கழற்றிக் கண்ணாடியில் உருட்டினார். நேர். "நான் ஓட்டிறன், நீங்கள் பின்னுக்கு இருங்கோ" என்றார்.

அவர் ஓட்டினபோதும் அதே இடத்தில் வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. புயலில் சுக்கான் பிடித்த கை, தசை கட்டி கட்டியாகத் திரண்ட கை. அந்தக் கை மடங்கியது. வாங்குக்கு முன்னால் பிறேக் அடித்து நிறுத்தினார். புழுதி அடங்கினதும் எஞ்சினை அணைத்துவிட்டு இருவரும் இறங்கினார்கள்.

"றோட்டுச் சரிவு" என்றார் அருளப்பு கடைசியில். "தண்ணி மாதிரித்தான் சில்லும். பள்ளத்துக்குத்தான் ஓடும்."

"அப்ப ஊத்திப் பாரும்."

அருளப்பு கொண்டுவந்த போத்தல் தண்ணீரை றோட்டு நடுவில் ஊற்றினார். தண்ணீர் கொஞ்சம் யோசித்தது. பிறகு ஒரு நாக்கு நீட்டி வலப்பக்கம் ஓடியது. தரிப்புக்கு எதிர்ப்பக்கம். இருவரும் அது காய்கிறவரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. ரயர் மணலில் அரைபடுகிற சத்தம். எஞ்சின் நின்றிருந்தது, வண்டியில் ஒருவரும் இல்லை. ஹான்டில் தன்பாட்டில், வெயிலுக்கு முகம் திருப்புகிற ஆளைப்போல நிதானமாக, இடப்பக்கம் திரும்பியது. முன்சில்லு இரண்டும் தரிப்பைப் பார்த்தபடி நின்றன.

அருளப்பு சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சிலுவை போட்டதை மறைக்க மூக்கைச் சொறிந்தார்.

"அண்ணை, அந்த மாடு..."

"மாடில்லை" என்றார் வல்லிபுரம்.

"ஓம். எனக்கு அப்பவே தெரியும்." திரும்பி வந்து கொட்டிலடியில் இறங்கினபோது அருளப்பு சொன்னார்: "என்ரை வேலையிலை பிழையில்லை. ஆனால் உந்த வண்டியை உப்பிடியே பொடியனிட்டைக் குடுக்காதையுங்கோ. நாளைக்கு ஆரோ ஒராள்ரை பிள்ளை பின்னுக்கு இருக்கும்."

அவ்வளவு நேரமும் வல்லிபுரம் தன்னுடைய ஓட்டத்தைப் பற்றித்தான் யோசித்திருந்தார். ஜெயரூபன் இந்த றோட்டால்தான் நாளாந்தம் போவான். ஏறுகிறவர்கள் சிரித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். வாங்கின் மூலை அங்கேயே இருக்கும்.

வண்டியை அருளப்புவின் உழவு மெசினில் கட்டிக்கொண்டே, பெரிய றோட்டால், ஊர் பார்க்க, வீட்டுக்குக் கொண்டுபோனார். பொழுதுபடுகிற நேரம் குசினியில் மனைவி கமலாதேவி புட்டு அவித்துக்கொண்டிருந்தா. ஊர்காவற்றுறையில் ஊசி விழுந்தால் சுருவிலில் கமலாதேவிக்குக் கேட்கும். வண்டி விழுந்தது கேட்காமல் இருக்குமா?

"மாடு சுகமே?" என்று கேட்டா.

வல்லிபுரம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். பொய் சொல்வதென்றால் அவருக்கு ஆசை, உற்சாகம், கைவேலை எல்லாம் வரும். உண்மை சொல்லும்போது சொற்கள் ஒன்றுக்கொன்று முட்டுப்பட்டன. குடை, வெள்ளைச் சேலை, இரண்டு தரம் ஆட்டின மணிக்கட்டு, வலப்பக்கம் ஓடின தண்ணீர். மனிசி நடுவில் சிரிப்பா என்று பார்த்தார். கமலாதேவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் இருந்தா.

"எந்தப் பக்கம் போற பஸ்ஸுக்கு நிண்டவ?"

"ஊர்காவற்றுறைக்கு."

கமலாதேவி சேலைத்தலைப்பைச் சுருட்டினா. "தொண்ணூறிலை ஒருநாள் பஸ் வராமல் நிண்டதல்லோ. நீங்கள் டிப்போவிலை அம்பிட்டுக் கிடந்தனீங்கள். நாளைக்கு வரும், நாளைக்கு வரும் எண்டு சனம் தரிப்பிலை வந்து வந்து நிண்டது. பிறகு எல்லாரும் ஓடிட்டினம். ஆனால் இனி வராது எண்டு போய்ச் சொன்னது ஆர்?"

"ஆரும் சொல்லேல்லை."

"அதுதான்." எழும்பிப் போய் அடுப்பை மறுபடி மூட்டினா. "கைகாட்டினா நிப்பாட்டிறதுதானே. பஸ்காரன் கிட்ட வந்து வந்து விட்டிட்டுப் போனா எனக்கும் கோவம் வரும்."

"நீர் என்னை ஓட்டக்கூடாது எண்டனீர்."

"நான் ஓடச் சொல்லேல்லை" என்றா கமலாதேவி. "நிப்பாட்டச் சொன்னனான்."

காலையில் ஜெயரூபன் தாய்க்கு ரெலிபோன் எடுத்தான். யாழ்ப்பாணத்துக்கு வந்துவிட்டானாம். லண்டன் ஆட்களோடு வான் வண்டியில் நேரே இறங்குதுறைக்கு வருகிறானாம். "அருளப்பு அண்ணையைக் கொண்டு வண்டியை அங்கை எடுப்பியுங்கோ அம்மா. அப்பா தொடக்கூடாது." கமலாதேவி "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டே சாமித்தட்டுக்குப் போய்த் திறப்பை எடுத்து வல்லிபுரத்தின் கையில் வைத்தா. வைத்த கையைக் கொஞ்சநேரம் எடுக்கவில்லை.

அவர் பெட்டிக்குள் கிடந்த, பஸ் ஓட்டின காலத்துக் காக்கிச் சேட்டைப் போட்டுக்கொண்டார். வயிற்றடியில் பொத்தான் பூட்டுப்படவில்லை. 

பழைய றோட்டில் அதே வெயில். காற்று செத்துப்போய்க் கிடந்தது. வடலி ஓலை ஒன்றுகூட உரசவில்லை. வெறுங் கேற்றுகளைத் தாண்டித் தாண்டிப் போனபோது, ஒவ்வொரு கேற்றுக்குப் பின்னாலும் யாரோ கதவு வரை வந்து நின்று பார்ப்பதுபோல இருந்தது அவருக்கு. பஸ் வருகிற சத்தம் கேட்டால் சனம் அப்படித்தான் வந்து பார்க்கும். தரிப்பு தெரிந்தது. வாங்கு தெரிந்தது. அதில் ஒருவரும் இல்லை.

ஹான்டில் இழுத்தது.

இந்த முறை அவர் எதிர்த்துப் பிடிக்கவில்லை. நண்டுக்குத் தக்க வளைவாக, சின்னதாக, மெதுவாக விட்டார். வண்டி வாங்குக்கு ஒரு முழம் தள்ளி, வாசல் பயணிக்கு நேரே வருகிறமாதிரி, கச்சிதமாக நின்றது. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. காலமெல்லாம் பஸ் ஓட்டினவர் பின்னால் திரும்பிப் பார்த்ததில்லை. பின்பக்கம் கொண்டக்டருடைய ராச்சியம். இப்போதும் திரும்பவில்லை.

"ஏறுங்கோ" என்றார். "பஸ் பிந்திப்போச்சு, குறை நினையாதையுங்கோ" என்று சேர்த்துச் சொன்னார்.

ஒன்றும் நடக்கவில்லை. ஓணான் வாங்கில் ஏறித் தலையை ஆட்டியது. வல்லிபுரம் தன்னைத்தானே விசரன் என்று திட்டப்போன நேரம், பின்பக்கத்து வில்லுகள் கீச்சிட்டன. வண்டியின் பின்புறம் மெல்லத் தாழ்ந்தது. முதலில் ஒரு காலின் பாரம், பிறகு முழு ஆளின் பாரம். முன்விளக்குகள் இரண்டும் ஒரு விரற்கடை மேலே நிமிர்ந்தன.

அவருடைய கால் கியரில் இருந்தது. ஆனாலும் அவர் வண்டியை எடுக்கவில்லை. கொண்டக்டர் இரண்டு தட்டுத் தட்டினால்தான் பஸ் எடுபடும், ஒரு தட்டு என்றால் நிற்பாட்டல். அந்தச் சட்டத்தை அவர் ஒருநாளும் மீறினதில்லை.

பின் மட்காட்டில் தட்டுக் கேட்டது. இரும்பில் மோதிரம் பட்டதுபோல. டக், டக்.

எடுத்தார். ஹான்டில் வெண்ணெயாய் இருந்தது. அருளப்புவின் தங்கூசி றோட்டில் விரித்துக் கிடக்க அதன்மேல் வண்டி ஓடுகிறதுபோல, அப்படியொரு நேர். தேவாலயம் போனது, மதகு போனது, ஆஸ்பத்திரி மதில் போனது. உப்புக் காற்று வரத் தொடங்கியது. அவருக்கு ஒரு விசயம் பிந்தித்தான் பிடிபட்டது: கழுத்தில் வெயில் சுடவில்லை. குனிந்து றோட்டைப் பார்த்தார். வண்டியின் நிழல் பக்கத்தில் ஓடிவந்தது, நாலு சில்லும் ஹான்டிலும் சரியாக இருந்தன. அவருடைய தலை இருக்கவேண்டிய இடத்தில் அகலமாக, வட்டமாக, விளிம்பில் கம்பிமுனைகள் தெரிய, ஒரு நிழல் இருந்தது.

முன்னால் றோட்டு முடிகிற இடம் தெரிந்தது. இறங்குதுறை, அதற்கப்பால் வெள்ளையாய்க் கொதிக்கிற கடல். வான் வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஜெயரூபன், வருவது யார் என்று கண்டுகொண்டு, இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி நிற்பாட்டச் சொல்லிக் கத்தினான். லண்டன் ஆட்கள் ரெலிபோனைத் தூக்கிப் படமெடுத்தார்கள். வல்லிபுரம் வேகத்தைக் குறைத்தார். காதை மட்டும் பின்னுக்கு வைத்துக்கொண்டு, ஒற்றைத் தட்டுக்காகக் காத்திருந்தார். குடை நிழல் அசையாமல் கூடவே வந்தது. தட்டு இன்னும் கேட்கவில்லை.